மைக்கில் சொன்ன பாராட்டு

மலேசியாவில், லூனாஸில் என் மளிகைக் கடை வாசலில் நாய் படுத்திருந்தால் மலாய்க்காரர்கள் எதிர்ப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போவார்கள். மேலே பட்டுவிட்டால் அவர்கள் மார்க்கப்படி மண்ணும் தண்ணீருமாக ஏழு தடவை கழுவ வேண்டுமாம். நாற்பது வருஷமாகப் பார்க்கிறேன். நாயை விரட்டிவிட்டு வியாபாரத்தைக் கவனித்தேனே தவிர, அதற்குமேல் யோசித்ததில்லை. மூன்றாம் வகுப்போடு அறந்தாங்கியை விட்டு வந்தவன் நான். இன்று பாலிங் வரை மூன்று கடை, யார் தயவும் இல்லாமல் எழுப்பியது. "எப்படிண்ணே?" என்று கேட்பவர்களுக்கெல்லாம் "நாயா உழைச்சேன்" என்பதுதான் என் பதில். பெருமையாகத்தான் சொல்வேன்.

பாலிங் கடைத் திறப்பன்று மைக்கைப் பிடித்தேன். இருபது வருஷமாக என் லாரியை ஓட்டும் மலாய்க்கார ஹமீது, மனைவி மகளோடு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தான். அவன் ஏற்றிவந்த சரக்கில் ஒரு மிளகாய்கூடக் குறைந்ததில்லை. ஊரறியப் புகழ நினைத்தேன். எல்லோருக்கும் புரியட்டும் என்று மலாயிலேயே சொன்னேன்: "ஹமீது அஞ்சிங் மாதிரி. அப்படி ஒரு விசுவாசம்." அஞ்சிங் என்றால் நாய். கைதட்டலுக்காக நிறுத்தினேன். ஒரு கையும் அசையவில்லை. ஹமீது எழுந்து வந்து லாரிச் சாவியை மேசையில் வைத்தான். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே போய்விட்டான். இங்கேயே பிறந்து வளர்ந்த என் மனைவி காதருகில் வந்து, "என்னங்க செஞ்சீங்க? அவங்களுக்கு அதைவிடக் கேவலமான பேச்சு கிடையாதுலா" என்றாள்.

மறுநாள் சுங்கை லாலாங்கில் அவன் வீட்டுக்குப் போனேன். உள்ளே கூப்பிடவில்லை. வேலிக்கு அந்தப்பக்கம் நின்றே பேசினான். ரப்பர் தோட்டத்தில் தமிழர்களோடு வளர்ந்தவன், தமிழ் நன்றாக வரும்.

"என்னை நானே அப்படித்தாண்டா சொல்லிக்கிறேன். கோயில்ல சாமிகிட்டகூட எங்காளுங்க 'நாயேன்'னு சொல்லித்தான் அழுவாங்க" என்றேன்.

"உங்கள நீங்க சொல்லிக்குங்க தவுக்கே. என் மக முன்னாடி என்னைச் சொன்னது நீங்க."

தவுக்கே என்றால் முதலாளி. இருபது வருஷத்தில் அவன் என்னை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. என்ன செய்யணும் என்று கேட்டேன்.

"அதே மைக்குலா. அதே ஆளுங்க."

ஒருவரிடமும் தலை குனியாதவன் நான். குனிந்தேன். அதே ஆட்களைக் கூட்டி, அவன் மகள் பார்க்க, மைக்கில் மன்னிப்புக் கேட்டேன். ஹமீது சாவியை எடுத்துக்கொண்டான்.

போன வாரம் லாரியில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து போகும்போது ஊரிலிருந்து போன். என்னோடு மாடு மேய்த்த சண்முகம். "டேய் நாயே, உசுரோட இருக்கியாடா?" என்னை அப்படிக் கூப்பிட இந்த உலகத்தில் மிச்சமிருப்பவன் அவன் ஒருவன்தான். நெஞ்சு குளிர்ந்தது. ஆனால் போன் ஸ்பீக்கரில் இருந்தது. ஹமீதின் விரல்கள் ஸ்டியரிங்கில் இறுகின. சட்டென்று போனைப் பொத்தினேன். என் உள்ளங்கைக்குள் சண்முகம் இன்னும் ஆசையாகத் திட்டிக்கொண்டிருந்தான்.