சித்தியின் கைக்கு யூரியா

ஊட்டி காந்தலில் நான் வேலை பார்க்கும் மருந்துக் கடைக்கு இப்போதெல்லாம் காலேஜ் பெண்கள் வந்து, செல்போனைத் திருப்பிக் காட்டி, "அக்கா, இந்த லோஷன் இருக்கா?" என்று கேட்கிறார்கள். உடம்புத் தோலைத் தேய்க்காமலே மெதுமெதுவாக உதிரவைத்து வழுவழுப்பாக்குகிற ஆசிட் லோஷன். எடுத்துக் கொடுப்பேன். கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியாது. நார் போட்டுத் தேய்க்காதீங்க, ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் போதும், போட்ட கையோடு வெயில் காயாதீங்க, எரிந்தால் நிறுத்திவிடுங்க என்று கடை வாசல் வரைக்கும் சொல்லிக்கொண்டே போவேன். "எட்டாவதோட நின்ன பொண்ணு, டாக்டரம்மா மாதிரி பேசுது பாரு" என்பார் முதலாளி. அது படிப்பினால் வந்த பேச்சு இல்லை. பயத்தினால் வந்தது. அந்தப் பயம் எனக்கு எங்கள் சித்தியின் கையைப் பார்த்து வந்தது.

அப்போது நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். நடுவட்டத்துக்குக் கீழே ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிக் கொடுத்த லயத்தில் எங்கள் வீடு. அம்மாவின் அப்பாவும் அம்மாவும் சிலோன் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்தவர்கள். நான் பிறப்பதற்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அம்மாவின் தங்கையான சித்தி எங்களோடுதான் இருந்தாள். அம்மாவும் அவளும் ஒன்றாகக் கொழுந்து பறிக்கப் போவார்கள், ஒன்றாகத் திரும்புவார்கள், திரும்பும் வழியிலேயே சண்டையும் போட்டு முடித்துவிடுவார்கள்.

சித்திக்குத் தோளிலிருந்து முழங்கை வரைக்கும் பொடிப்பொடியாக முள் மாதிரி இருக்கும். வலிக்காது, அரிக்காது, யாருக்கும் ஒட்டாது. இறகு பிடுங்கிய கோழியின் தோல் எப்படி இருக்குமோ அப்படி. எங்கள் ஊரில் அது ஒரு குறையே அல்ல. ஏனென்றால் எங்கள் ஊரில் யார் கையையும் யாரும் பார்த்ததில்லை. சித்திரை மாதத்திலும் ஸ்வெட்டர் போடுகிற ஊர். கல்யாணத்தில் பட்டுச் சேலைக்கு மேலே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் போட்டோவுக்கு நிற்பார்கள். கீழே சமவெளியிலிருந்து பெண் பார்க்க ஆட்கள் வரும்வரைக்கும் சித்திக்கே தன் கை ஞாபகத்தில் இருந்ததில்லை.

முதலில் வந்தவர்கள் காரமடைக்காரர்கள். அந்தக் கூட்டத்தில் ஒரு பெரியம்மா, வளையல் அளவு பார்க்கிறேன் என்று சித்தியின் ஸ்வெட்டர் கையை மேலே தள்ளினாள். தள்ளியவள் அப்படியே நிறுத்திவிட்டாள்.

"என்னுங்க இது, கை இப்படிச் சொரசொரன்னு இருக்குது?"

"குளிருக்குங்க" என்றாள் அம்மா.

"எங்கூர்ல குளிரே இல்லீங்களே" என்று சொல்லி அந்த அம்மாள் சிரித்தாள். எல்லாரும் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தாள். அந்த இடம் அமையவில்லை.

"கையைப் பார்த்துட்டுத்தானே அக்கா போனாங்க" என்றாள் சித்தி. அம்மா ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அப்படித்தான் எல்லாம் முடிவாகும்.

அன்றிலிருந்து சித்தி குளித்தால் ஊரே காத்திருக்க வேண்டும். பீர்க்கங்காய் நாரைப் போட்டுத் தேய்த்தாள். அது போதாமல் குதிகால் தேய்க்கிற கல்லை எடுத்தாள். முள் போகவில்லை, தோல்தான் போனது. ரவிக்கைக் கையில் ரத்தப் பொட்டுகளைப் பார்த்து நான் அழுததும்தான் அம்மா லீவு சொல்லிவிட்டு எங்கள் இருவரையும் ஊட்டிக்கு பஸ்ஸில் கூட்டிப்போனாள். நான் எதற்கு என்று கேட்டால், வீட்டில் விட்டால் நானாக எதையாவது நினைத்து அழுதுகொண்டிருப்பேன் என்பதற்காக.

தோல் டாக்டர் ஒரு பெண். சித்தியின் கையை விரலால் ஒருமுறை நீவிப் பார்த்துவிட்டு, "இது நோயே இல்லம்மா. செத்த தோல் உதிராம முடிக்கால்ல அடைச்சுக்குது, அவ்வளவுதான். தேய்க்கத் தேய்க்க இன்னும் மொத்தமாகும். நாரைத் தூக்கிப் போடு" என்றார். ஒரு லோஷன் எழுதிக் கொடுத்தார். அதில் இருப்பது பால் புளிக்கும்போது வருகிற ஆசிட்தானாம். மேல்தோலை அதுவாகப் பிரித்து விடுமாம். அவசரப்படக் கூடாதாம்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பாட்டிலின் மேல் இருந்ததை எழுத்துக்கூட்டிப் படித்தவள் நான்தான். ஆசிட் என்ற சொல்லைப் படித்ததும் பாட்டிலைச் சித்தியின் மடியிலேயே வைத்துவிட்டேன். எனக்குத் தெரிந்த ஆசிட் ஒன்றே ஒன்று. லயத்துக் கக்கூஸ் கழுவ வாங்குவது, ஊற்றினால் சிமெண்ட்டே புகையும். டாக்டர் பால் என்று சொன்னது எங்களைப் பயமுறுத்தாமல் இருக்கத்தான் என்று முடிவு செய்துகொண்டேன். அன்றிலிருந்து காலையில் பள்ளிக்கூடம் கிளம்பும் முன் சித்தியின் ஸ்வெட்டர் கையைத் தூக்கி, ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்ப்பது என் வேலையாகிவிட்டது.

"என்னடி தேடுறே, புதையலா?" என்பாள் சித்தி.

ஓட்டை விழவில்லை. கொஞ்சம் குறுகுறுவென்று இருந்ததாகச் சொன்னாள். பிறகு அதுவும் இல்லை.

அப்பாவுக்கு எஸ்டேட்டில் உரம் போடுகிற கேங்கில் வேலை. ஒருநாள் பாட்டிலை எடுத்து, அதில் இருப்பதையெல்லாம் படிக்கச் சொன்னார். நான் திக்கித் திக்கி, "யூரியா" என்று படித்ததும் அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அம்மாவைக் கூப்பிட்டார்.

"இந்தா பாருடி, தேயிலைக்குப் போடுறதை உன் தங்கச்சி கைக்குப் போடுறா. மழை பெஞ்சா துளிர் விட்டுரும். அப்புறம் மூணாவது நம்பர் மலைக்குப் போக வேணாம், ஊட்லயே கொழுந்து கிள்ளலாம்."

"உங்க தலைக்குக் கொஞ்சம் போடுங்க அத்தான், அங்கதான் ஒண்ணும் மொளைக்கல" என்றாள் சித்தி. அப்பாவின் வழுக்கையைப் பற்றி அப்படிப் பேச அந்த லயத்தில் அவளுக்கு மட்டும்தான் உரிமை இருந்தது.

ஆடியில் மழை பிடித்தது. மரங்கள் விழுந்து ஊட்டி ரோடு அடைத்துக்கொண்டது. பாட்டில் காலியாகிவிட்டது. ஆவணிக் கடைசியில் மேட்டுப்பாளையத்திலிருந்து இன்னொரு வீட்டார் வருவதாகச் சேதி. பையனுக்குக் காய்கறி மண்டியில் வேலை. சித்தி காலி பாட்டிலை வெட்டித் திறந்து, உள்ளே ஒட்டியிருந்ததை விரலால் வழித்துப் போட்டுக்கொண்டிருந்தாள். அதைப் பார்த்த அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் வேலை முடிந்து வரும்போது துண்டில் ஒரு முடிச்சு. அவிழ்த்தால், வெள்ளை வெள்ளையாக உர மூட்டையிலிருந்து ஒரு கைப்பிடி யூரியா.

"அதே சாமான்தானே. கம்பெனிக்காரன் பாட்டில்ல ஊத்தி விக்கிறான், நம்மகிட்ட மலையா குவிஞ்சு கெடக்கு."

எங்கள் வீட்டில் யாருக்கும் அதில் தப்புத் தெரியவில்லை. எனக்கும்கூட. ஆசிட்டுக்குப் பயந்த நான், பார்த்துப் பழகிய யூரியாவுக்குப் பயப்படவே இல்லை. தேங்காயெண்ணெயில் குழைத்தார்கள். அது கரையவில்லை. கரையாததை அப்படியே வைத்துச் சித்தி சூடு பறக்கத் தேய்த்துக்கொண்டாள். மறுநாள் இரண்டு கையும் பீட்ரூட் நிறத்தில் வீங்கியிருந்தன. அப்பா சாப்பிடாமல் வெளியே போய் மழையில் நின்றார்.

ரோடு திறந்ததும் மறுபடியும் டாக்டர். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

"பேரு ஒண்ணுதான்மா. அதுக்காக மூட்டையிலிருந்தா எடுக்கறது?"

"அவருக்குத் தெரியாதுங்க, ஆசையில செஞ்சிட்டாரு" என்று சித்தி அப்பாவுக்காகப் பரிந்து பேசினாள்.

எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். கை ஆறும்வரைக்கும் வெறும் வாஸ்லின். ஆறிய பிறகு லோஷனைப் பழையபடி கொஞ்சமாக, ஒருநாள் விட்டு ஒருநாள், அதற்கு மேலே ஈரம் காயாமல் இருக்க எண்ணெய். எங்கள் ஊர் வெயில் குளிராக இருக்கிறதே தவிர, தோலைச் சுட்டுவிடும் என்றும் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை லயத்துப் பெண்கள் எல்லாரும் வாசலில் கையை நீட்டி வெயில் காய்வார்கள். அன்றிலிருந்து சித்தி மட்டும் கதவுக்கு உள்ளே உட்கார்ந்துகொண்டு அங்கிருந்தே ஊர்க்கதை பேசினாள்.

சித்தி பொறுமைசாலி இல்லை. ஆனால் அதில் மட்டும் பொறுமையாக இருந்தாள். ஒரு சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, "கண்ணை மூடிக்கிட்டுத் தொட்டுப் பாரு" என்றாள். தொட்டேன். தோல் உரித்த பச்சைப் பட்டாணியைத் தொட்டது மாதிரி இருந்தது. நம்பாமல் கண்ணைத் திறந்து பார்த்தேன். சித்தியின் கைதான்.

மேட்டுப்பாளையத்துக்காரர்கள் வந்த அன்று மதியத்திலேயே மூட்டமாக இருந்தது, எதிர் லயம் தெரியவில்லை. அப்படிப்பட்ட குளிரில் சித்தி ஸ்வெட்டர் போடாமல், அரைக்கை ரவிக்கையோடு தேத்தண்ணித் தட்டை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். வாசல் காற்று பட்டதும் அவள் கையில் மயிர்க்கால்கள் எல்லாம் குத்திட்டு நின்றுவிட்டன. இத்தனை மாதப் பாடும் போய், மறுபடியும் அதே கோழித்தோல்.

பையனின் அம்மா எழுந்தாள். தன் மேலிருந்த சால்வையை எடுத்துச் சித்தியின் தோளில் போட்டு, கையைத் தேய்த்துவிட்டாள்.

"ஏங்கண்ணு, இந்தக் குளிர்ல இப்படி நிக்கறே? போய் ஸ்வெட்டர் போட்டுட்டு வா போ."

நல்ல அம்மாள். அப்பாவின் பயமும் அதோடு தெளிந்துவிட்டது. அவர் தாராளமாகப் பேச ஆரம்பித்தார். பூர்வீகம் எது என்று பையனின் மாமா கேட்டபோது, அப்பா பெருமையாகவே சொன்னார்:

"எங்க மாமனார் சிலோன்ல பொறந்தவருங்க. அங்க பெரிய தோட்டத்துல கங்காணிக்கு அடுத்த ஆளு."

"அப்படீங்களா" என்றார் அவர். டம்ளரைக் கீழே வைத்தார். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எல்லாருக்கும் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்தது. சால்வையை வாங்கிக்கொள்ளும்போது அந்த அம்மாள் சித்தியின் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள். சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

சேதியை அந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஸ்டாப்பில்தான் கேட்டோம். நானும் அம்மாவும் சாமான் வாங்கப் போயிருந்தோம். இந்தச் சம்பந்தங்களைக் கொண்டுவந்த தரகரம்மா கூடலூர் பஸ்ஸிலிருந்து இறங்கி அம்மாவை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க அக்கா, அவுங்க வேண்டாமுன்னுட்டாங்க. பொண்ணு தங்கமாமுங்க, ஒரு குறை சொல்லல. சிலோன் ஆளுங்கன்னு மின்னயே ஏன் சொல்லல, அங்கிருந்து வந்தவங்க சாதிசனம் யாருக்குத் தெரியுமுன்னு என்னைய அந்தப் பேச்சுப் பேசறாங்க. காரமடைக்காரங்களும் இதைத்தானுங்க சொன்னாங்க, உங்ககிட்ட அன்னிக்கே சொன்னனில்லீங்க."

"தங்கச்சி காதுல போட்டுறாதீங்க" என்றாள் அம்மா. அவ்வளவுதான்.

சிலோன் ஒரு தீவு என்று எனக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தீவில் பிறப்பதில் என்ன தப்பு என்று தெரியவில்லை. கப்பலில் வந்தவர்களுக்கு ஏதாவது ஒட்டுகிற வியாதி வருமோ, அது எனக்கும் வந்திருக்குமோ என்று யோசித்துக்கொண்டே ஏற்றத்தில் நடந்தேன்.

சித்தி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"என்ன சொன்னாங்க அக்கா?"

அம்மா பையைக் கீழே வைத்தாள். சித்தியின் கையைப் பிடித்து, ரவிக்கைக்குக் கீழே விரலால் மேலும் கீழும் நீவிப் பார்த்தாள்.

"இன்னும் கொஞ்சம் சொரசொரப்பு இருக்குன்னு சொல்றாங்க. நல்லாத்தான் வந்திருக்கு. இன்னொரு பாட்டில் போட்டுப் பார்ப்போம்."

சித்தியின் முகம் ஒரு கணம் விழுந்து, உடனே நிமிர்ந்தது. "நானும் நெனச்சேன்க்கா. அன்னைக்குக் குளிர்ல வேற முள்ளு முள்ளா நின்னுச்சு. அடுத்த தடவை பாரு" என்று அடுப்பில் தண்ணீர் வைக்கப் போய்விட்டாள்.

தரகரம்மா சொன்னதை அம்மா அதற்குள் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். ஆனாலும் சித்தியின் கையில் சொரசொரப்பு இல்லை என்று எனக்குத் தெரியும், நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன். எனக்கு வழுவழுப்பாக இருப்பது அம்மாவுக்கு மட்டும் எப்படிச் சொரசொரக்கும்? அப்போதுதான் அம்மாவின் விரல்களைப் பார்த்தேன். கொழுந்து கிள்ளிக் கிள்ளி நுனியெல்லாம் கறுத்து, காய்த்து, வெடித்துப்போயிருந்தன. அந்த விரலுக்கு எதைத் தொட்டாலும் அப்படித்தானே தெரியும் என்று எனக்குப் பட்டது. குறை சித்தியின் கையில் இல்லை, அம்மாவின் விரலில் என்று கண்டுபிடித்ததில் எனக்குப் பெரிய நிம்மதி.

அடுத்த வாரம் புதுப் பாட்டில் வந்ததும், சித்தி பார்க்காத சமயத்தில் கொஞ்சம் எடுத்து அம்மாவின் விரல் நுனிகளில் ஒவ்வொன்றாகத் தடவிவிட்டேன். எதற்கு என்று அம்மா கேட்கவில்லை. கையையும் இழுத்துக்கொள்ளவில்லை.