தறிச் சத்தத்துக்குள் ஒரு பசி

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த மறுநாளே எங்கள் மகளைப் பற்றி ஊர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டது. நல்ல பிள்ளை. பார்க்க வந்த சொந்தபந்தம், ஒறம்பரைகள் எல்லாம் தொட்டிலை எட்டிப் பார்த்து, "அழுகையே காணமுங்களே, நல்ல புள்ளைங்க" என்று நெட்டி முறித்தார்கள்.

"அவங்கம்மா மாதிரிங்க. என்னை மாதிரி இருந்திருந்தா பொறந்த நிமிசத்துலயே நர்சம்மாகிட்டப் பேச்சுக் குடுத்திருக்கும்" என்பேன். வருகிறவர்கள் சிரிப்பார்கள். அடுத்து வருகிறவர்களிடமும் அதையே சொல்வேன்.

நாற்பத்தாறு வயதில் முதல் பிள்ளை. பிறந்த அன்று ஒரு நர்ஸ் என்னைப் பார்த்து, "தாத்தா, பாப்பாவோட அப்பாவக் கூப்பிடுங்க" என்றார். நான் வெளியே போய், சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு, "நாந்தாங்க அது" என்று திரும்பி வந்தேன். இப்படிக் கேலி பேசியே காலத்தை ஓட்டுகிறவன் நான். பயம் வந்தால் கேலி இன்னும் அதிகமாகும். என் மனைவிக்கு மட்டும்தான் அது தெரியும்.

எங்கள் வீடு சோமனூரில். சாப்பிடுகிற அறைச் சுவருக்கு அந்தப் பக்கம் தறிக்கூடம். விசைத்தறிகள் இரவு பகலாக ஓடும். புதிதாக வருகிறவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்கள். எங்களுக்கு அந்தச் சத்தம் கேட்பதே இல்லை. அது நின்றால்தான் கேட்கும், என்ன கோளாறு என்று எழுந்து ஓடுவோம். மகளும் அந்தச் சத்தத்தில் அயர்ந்து தூங்கினாள். "வயித்துக்குள்ள இருக்கறப்பவே கேட்டதுதானுங் தம்பி, பழகிப்போச்சு" என்றார் என் மனைவியின் அக்கா. மாமியார் இல்லாத குறைக்கு, பல்லடத்திலிருந்து அவர்தான் பிரசவத்துக்குத் துணையாக வந்திருந்தார்.

மனைவிக்கு ஆபரேஷன் செய்துதான் பிள்ளையை எடுத்திருந்தார்கள். தையல் வலியில் அவளும் அசந்து தூங்கினாள். "தூங்கற புள்ளைய எழுப்ப வேண்டாம். அழுதா எடுத்துக் குடுத்துக்கலாம்" என்று அக்கா சொன்னார். எனக்கும் சரியாகத்தான் பட்டது. மகள் அழவில்லை. நாங்களும் எழுப்பவில்லை. எப்போதாவது விழித்தால் மனைவி மாரில் வைப்பாள், பிள்ளை இரண்டு சப்பு சப்பிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்ளும். வயிறு நிறைந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டோம்.

வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் காலையில் துணி மாற்றப் போனேன். அது நானாகக் கேட்டு வாங்கிக்கொண்ட வேலை. துணி கிட்டத்தட்ட காய்ந்து கிடந்தது. நடுவில் செங்கல் பொடி தூவியது போல ஒரு சிவப்புக் கறை.

ரத்தம் என்றுதான் நினைத்தேன்.

"அக்கா, உங்க தங்கச்சி பொண்ணு அதுக்குள்ள வெத்தலை போட ஆரம்பிச்சுட்டா போலிருக்குதுங்க" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. மனைவி என் முகத்தைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள். "வண்டிய எடுங்க" என்றாள்.

கருமத்தம்பட்டி வந்து அவிநாசி ரோட்டில் ஏறி கோயமுத்தூர் போய்ச் சேரும்வரை நான் பேசிக்கொண்டே இருந்தேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. லாரிக்காரன், பாலத்து வேலை, வெயில் என்று ஏதோ. பின்சீட்டில் மனைவிக்கும் அக்காவுக்கும் நடுவே இருந்த மகளிடமிருந்து சத்தம் ஒன்றும் வரவில்லை. இரண்டு தடவை வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, பின்கதவைத் திறந்து அவள் நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். "மூச்சு உடறா. நீங்க ரோட்டப் பாருங்க" என்றாள் மனைவி.

பிள்ளைகள் டாக்டர் என்னைவிடப் பத்து வயதாவது சின்னவர். துணியை விரித்துப் பார்த்தார். "ரத்தம் இல்லீங்க. ஒண்ணுக்கு ரொம்பக் கெட்டியாப் போச்சுன்னா இந்தக் கலர்ல கறை உழும். கடைசியா எப்பப் பால் குடிச்சா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா மனைவியைப் பார்த்தார்.

"அழுதாக் குடுக்கலாம்னு இருந்தோமுங்க" என்றேன்.

"அழுதாளா?"

"இல்லீங்க. நல்ல புள்ளைங்க."

"நல்ல புள்ளை இல்லீங்க. அழுகத் தெம்பு இல்லாத புள்ளை" என்றார்.

அந்த அறையில் சுவர் நிறையக் கரடியும் யானையும் ஒட்டியிருந்தார்கள். அந்த யானையைப் பற்றி ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

சர்க்கரை பார்க்கக் குதிகாலில் ஊசியால் குத்தினார்கள். ஒரு பெரிய ஆளே கத்துகிற குத்து அது. அவள் முகத்தைச் சுளித்து, பூனைக்குட்டி போல ஒரு முனகல் முனகி, மறுபடி தூங்கிப்போனாள். அந்த முனகலைக் கேட்டதும் கைக்கு எட்டிய நாற்காலியில் உட்கார்ந்தேன். அது குழந்தைகளுக்கான நாற்காலி என்று உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது. மாட்டிக்கொண்ட இடுப்போடு மீதிப் பேச்சையெல்லாம் கேட்டேன்.

சர்க்கரை பரவாயில்லை. உடம்பில் மஞ்சள் தட்டியிருக்கிறது. எடை குறைந்திருக்கிறது. "பொறந்த புள்ளைக எல்லாமே மொதல் நாலஞ்சு நாள்ல கொஞ்சம் எளைக்கும், அது சகஜம். இவ அந்த அளவோட கடைசிக்கு வந்து நிக்கறா. இன்னைக்குப் பூரா நல்லாக் குடிக்கணும். நாளைக்குக் காலைல மறுபடி எடை பார்க்கறேன். இன்னும் எறங்குச்சுன்னா சேர்த்துக்க வேண்டியதுதான்."

"பவுடர் பால் வாங்கிப்போடட்டுங்களா? எந்த டப்பாங்க?" அப்போதே மெடிக்கலுக்கு ஓடிவிடத் தயாராக இருந்தேன், நாற்காலி மட்டும் விட்டால்.

"வேணும்னா நானே சொல்றேங்க. மொதல்ல அவங்கம்மாகிட்ட இருக்கறதக் குடுத்துப் பார்க்கலாம்."

மனைவி அதுவரை பேசவில்லை. "எங்கிட்ட ஒண்ணும் இல்லீங்க டாக்டர். ரெண்டு சொட்டு வருது. அதும் மஞ்சளா" என்றாள். இந்த வார்த்தையை எத்தனை நேரமாக உள்ளே வைத்திருந்தாளோ. நான் பக்கத்து அறையில் ஒறம்பரைகளுக்குக் கேலி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"அது சீம்பால்ங்க. இப்ப அவளுக்கு அதுதான் சாப்பாடு. அவ வயிறே நெல்லிக்காய் அளவுதான் இருக்கும், ஒரே தடவைல நெறைய வேண்டியதில்லை. அடிக்கடி வேணும். ஒரு நாளைக்கு எட்டு, பத்துத் தடவை, இன்னும் மேல போனாலும் சரி. அவ இழுக்க இழுக்கத்தான் உங்களுக்கு ஊறும். இழுக்காம எப்படி ஊறும்?"

பிறகு டாக்டரே குழந்தையை எடுத்து, சுற்றியிருந்த துணியை எல்லாம் அவிழ்த்து, மனைவியின் நெஞ்சோடு நெஞ்சாக வைத்தார். காம்பை மட்டும் கவ்வினால் போதாது, சுற்றியுள்ள கருவட்டமும் வாய்க்குள் போக வேண்டும், மோவாய் மாரில் அழுந்த வேண்டும், தூங்கிப்போனால் உள்ளங்காலைத் தேய்க்க வேண்டும். "ரெண்டு, ரெண்டரை மணி நேரத்துக்கு மேல தூங்க உடாதீங்க. அழுகற வரைக்கும் காத்திருக்காதீங்க. அழுகறது கடைசிதான். அதுக்கு முன்னாடியே கேப்பா."

கேட்பாள் என்ற சொல் மட்டும் என் மண்டையில் ஒட்டிக்கொண்டது. எப்படிக் கேட்பாள் என்று அவர் விளக்கியபோது நான் நாற்காலியிலிருந்து இடுப்பை உருவிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் ஒரே யோசனை. மகள் கேட்டிருக்கிறாள். தறிச் சத்தத்தில் எனக்குக் காதில் விழவில்லை. எந்தத் தறியில் நூல் கொண்டு ஓடும் நாடா சரியாகப் போகவில்லை என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்தே சொல்லிவிடுகிற காது இது. பெற்ற பிள்ளை கேட்டது விழவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேராகப் போய்த் தறிக்கூடத்து மெயின் சுவிட்சை இறக்கினேன். எல்லாத் தறியும் நின்றன. எங்களிடம் தறி ஓட்டுகிற அண்ணன், "ஏனுங், போட்ட பாவு நூல் இன்னும் தீரலீங்களே" என்றார். "ஊட்டுக்குப் போங்க. நாளைக்கு வாங்க" என்றேன்.

ஒன்றை மறந்துபோனேன். எங்கள் வீதியில் கரண்டு இருக்கும்போது பட்டப்பகலில் ஒரு வீட்டுத் தறி மொத்தமாக நின்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் உண்டு.

கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டுக்காரர் வந்தார். எப்போதும் வாசலிலிருந்தே சத்தம் போட்டுக் கூப்பிடுகிற மனுஷன், தோளிலிருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு மெதுவாக வந்து நின்றார்.

"எப்பங்க?" என்றார்.

"என்ன எப்ப?"

"காலைல வண்டில கொண்டுட்டுப் போனீங்கன்னு சொன்னாங்க." துண்டால் முகத்தைத் துடைத்தார். "பாப்பா..."

எனக்கு விளங்க ஒரு நொடி ஆனது. எழவு விழுந்த வீட்டில்தான் இங்கே தறி நிற்கும். "பாப்பா உள்ள பால் குடிச்சுட்டு இருக்கறாளுங்க" என்றேன். அவர் மலங்க மலங்க விழித்தார். நான் சொன்னது பொய். அவள் தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். சொல்லி முடித்ததும், அவர் நினைத்து வந்ததே நிஜமாகிவிடுமோ என்று அவரை அங்கேயே விட்டுவிட்டு உள்ளே ஓடினேன்.

தூக்கம்தான். நெஞ்சு ஏறி இறங்கியது.

நாங்கள் மூன்று பேரும் சுற்றி உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தோம். தறி நின்ற வீட்டில் என்னென்னவோ கேட்டது. குழாய் சொட்டுவது, பிரிட்ஜ் உறுமுவது, எதிர்வீட்டுக்காரர் வீதியில் யாரிடமோ, "இல்லீங்க, அப்படி ஒண்ணும் இல்லையாம்" என்பது. மகளிடமிருந்து மட்டும் ஒன்றும் இல்லை. நான் கை தட்டினேன். சேவல் மாதிரிக் கூவினேன். பஸ் ஹாரன் அடித்தேன். கல்யாண வீடுகளில் கூட்டத்தையே கலகலப்பாக்குகிற என் சரக்கு மொத்தத்தையும் அந்தப் பச்சைப்பிள்ளை முன் இறக்கிவிட்டேன்.

"சித்த வாய மூடுங்க" என்றாள் மனைவி. "அவ வாயப் பாருங்க."

பார்த்தேன். கண் மூடியிருந்தது. உதடு லேசாகப் பிரிந்தது, நாக்கு நுனி வெளியே வந்து உள்ளே போனது. தலை ஒரு பக்கம் திரும்பி எதையோ தேடியது. முஷ்டி வாய்ப் பக்கம் வந்தது. சத்தமே இல்லை.

கல்யாணமான புதிதில் என் மனைவியும் என்னோடு தறி ஓட்டினாள். அந்த இரைச்சலில் தொண்டையைக் கிழித்துக்கொண்டாலும் பேச்சு விழாது, உதட்டைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். சில சண்டைகளை முழுக்க உதட்டாலேயே போட்டு முடித்திருக்கிறோம். சமாதானமும் அப்படியே.

"டாக்டர் இதத்தான் சொன்னாங்க. தலையத் திருப்புவா, நாக்க நீட்டுவான்னு. நீங்க சேரோட மல்லுக்கட்டிட்டு இருந்தீங்க. அவ கேட்டுட்டேதான் இருக்கறா. நாம காதக் குடுத்துட்டு உக்காந்திருக்கறோம்" என்றாள்.

அக்கா தலையணையைத் தையல் மேல் படாமல் அணைகொடுத்து வைத்தார். மனைவி குழந்தையின் துணியை எல்லாம் அவிழ்த்து நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். முதல் தடவை கவ்வியது, வழுக்கியது. இரண்டாவது தடவை சப்பிவிட்டுத் தூங்கிப்போனது. நான் உள்ளங்கால் இலாகாவைக் கவனித்துக்கொண்டேன். நூல் அறுத்துக் காப்புக் காய்த்த விரலால் அந்தப் பொடிக்காலைத் தேய்க்கவே பயமாக இருந்தது. "இன்னும் கொஞ்சம் தேயுங்க, அவ ஒண்ணும் ஒடஞ்சு போகமாட்டா" என்றாள். அவள் அப்படிச் சொன்னபோது அவளுக்கும் நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

வாயை அகலத் திறக்கும்வரை காத்திருந்து மறுபடி சேர்த்தாள். இந்த முறை மோவாய் அழுந்தியது. தாடை காதுவரை அசைந்தது. அந்த அமைதியில் "க்" என்று ஒரு சின்னச் சத்தம். கொஞ்சம் விட்டு இன்னொன்று. விழுங்குகிறாள்.

மனைவி கண்ணிலிருந்து நீர் வழிந்தது. "வலிக்குதா அம்மணி?" என்றேன்.

"இல்லீங்க. இழுக்கறா."

அன்று மாலைக்குள் எத்தனை தடவை என்று கணக்கில்லை. உதடு அசைந்தால் எடுத்தாள். அசையாமல் நேரம் போனால் தானே எழுப்பி எடுத்தாள். ஒவ்வொரு துணியையும் நான் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கறையோடு ஒன்று. கறை மங்கலாக ஒன்று. பொழுது சாயும்போது வெளுத்த நிறத்தில் முழு ஈரமாக ஒன்று வந்தது. தறியிலிருந்து இறக்கிய புதுச்சேலையைப் போல அதை அக்கா முன் விரித்துக் காட்டினேன். "அக்கட்டால கொண்டு போங்க தம்பி, கண்றாவி" என்றார். ஆனாலும் எட்டிப் பார்த்துக்கொண்டார்.

"தறிய ஓட உடுங்க. எதுக்கு வீதியையே பயமுறுத்திட்டு? எனக்குக் கண்ணு இருக்குது" என்றாள் மனைவி. போய்ச் சுவிட்சைப் போட்டு, நானே இரண்டு தறியை ஓட விட்டேன். தைரியம் அவளுக்கு வந்திருந்தது. எனக்கு வரவில்லை. ஈரத்துணி வந்தது சரி, எடை ஏற வேண்டுமே.

மறுநாள் காலையில் நர்ஸ் குழந்தையின் துணியை அவிழ்த்துத் தராசில் கிடத்தினார். எண்கள் ஓட ஆரம்பித்தன. அந்த நேரம் பார்த்து மகள் ஒண்ணுக்குப் போக ஆரம்பித்தாள்.

முந்தின நாள் முழுக்க ஒரு சொட்டுக்காகத் தவம் கிடந்தவன் நான். இப்போது, "கண்ணு, சித்த பொறு கண்ணு, எடை பார்த்துக்கட்டும்" என்று தராசைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். அவள் பொறுக்கவில்லை. நிறைய இருந்தது. "நர்சம்மா, இதையும் சேர்த்துக் கணக்குப் பண்ணிக்குவீங்களா?" என்று கேட்டேன். இது கேலி என்று அந்தம்மா நினைத்துச் சிரித்தார். நான் நிஜமாகத்தான் கேட்டேன்.

துடைத்துவிட்டு மறுபடி கிடத்தினார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"கூடியிருக்குதுங்க" என்றார் டாக்டர். "கொஞ்சந்தான். ஆனாக் கூடியிருக்குது."

"கொஞ்சம்னா எவ்வளவுங்க?"

"ஒரு எலுமிச்சங்காய் எடை வெச்சுக்குங்க."

"போதுங்களா?"

"இன்னைக்குப் போதும். மஞ்சள் இன்னும் போகலை, நாளான்னைக்கு வந்து காட்டுங்க. இப்படியே குடுத்துட்டு வாங்க."

என்னிடம் இன்னும் நிறையக் கேள்விகள் இருந்தன. மஞ்சள் ஏறினால் என்ன, எலுமிச்சை இறங்கினால் என்ன, ராத்திரி இரண்டு பேரும் அசந்துவிட்டால் என்ன. முதல் கேள்வியைத் தொடங்கும்போது மகள் தலையை ஒரு பக்கம் திருப்பினாள். என் மனைவி யாரையும் கேட்கவில்லை. அவளைத் தராசிலிருந்து தூக்கிக்கொண்டு, மூலையிலிருந்த ஸ்டூலில் முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"அவ குடிச்சு முடிக்கட்டுங்க. அப்பறம் கேளுங்க" என்றார் டாக்டர்.

தராசைத் துடைத்த ஈரத்துணியைக் கையில் பிடித்துக்கொண்டு நான் கதவோரம் நின்றேன்.