சலாலாவில் எங்கள் முதல் சண்டை

மஸ்கட்டில் வேலை பார்க்கிறவனுக்கு ஜூலை மாதம் ஒரு தண்டனை. பைப்பைத் திறந்தால் வெந்நீர்தான் வரும். குளிக்கக் கொஞ்சம் ஆறிய தண்ணீர் வேண்டுமென்றால் முந்தின நாளே வாளியில் பிடித்து வைக்க வேண்டும். அந்த மாதத்தில்தான் அதே நாட்டின் தெற்கு மூலையில், ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி, சலாலாவில் மட்டும் தூறல் விழும். அந்தப் பருவத்துக்குக் கரீஃப் என்று பெயர். அரபியில் இலையுதிர் காலம் என்று அர்த்தமாம். இலை ஒன்றும் உதிராது. மொட்டை மலையெல்லாம் பச்சை பிடிக்கும். வளைகுடா முழுவதிலுமிருந்து குடும்பம் குடும்பமாகக் காரில் கிளம்பிப் போய், குடை இல்லாமல் நனைந்துவிட்டு வருவார்கள். பதினான்கு வருடத்தில் நாலு தடவை ரூம் நண்பர்களோடு போயிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும், அடுத்த முறை அவளைக் கூட்டி வர வேண்டும் என்று நினைப்பேன்.

அவள் என்றால் என் மனைவி. புதுக்கோட்டை மாவட்டத்தில் மணமேல்குடிக்குப் பக்கத்தில், கடலோரத்தில் எங்கள் ஊர். கல்யாணமாகி அப்போது ஒன்பது வருடம் ஆகியிருந்தது. நான் லீவில் வந்த நாட்களையெல்லாம் கூட்டினாலும் நாங்கள் ஒன்றாக இருந்தது ஒரு வருடம் தேறாது. ஒரு சண்டைகூடப் போட்டதில்லை. நாற்பத்தைந்து நாள் லீவில் விருந்துக்கே நேரம் போதாது, சண்டைக்கு எங்கே போவது?

அந்த வருடம்தான் முதன்முறையாக அவளையும் ஐந்து வயது மகளையும் விசிட் விசாவில் அழைத்திருந்தேன். ரூமைக் காலி செய்துவிட்டு ஒற்றைப் படுக்கையறை வீடு ஒன்று பிடித்தேன். நான் ஸ்டோர் கீப்பராக இருந்த கம்பெனியில், குடும்பத்தை நிரந்தரமாக வைத்துக்கொள்ள அனுமதிக் கடிதம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். விசா முடிய மூன்று வாரம் இருந்தது. அதற்குள் அவள் சரி என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். மூன்று தடவை கேட்டேன். மூன்று தடவையும், "ஒங்க இஷ்டம்ங்க" என்றாள். என் இஷ்டம் எனக்குத் தெரியாதா? அவள் இஷ்டத்தை அல்லவா கேட்கிறேன்? இந்த ஆளிடமிருந்து ஒரு வார்த்தையைப் பிடுங்குவதற்குள் என் உயிர் போய்விடும் என்று உள்ளுக்குள் பொருமினேன். சலாலாவைக் காட்டிவிட்டால் மனசு இளகி, இங்கேயே இருக்கிறேன் என்று சொல்லிவிடுவாள் என்பது என் கணக்கு.

விடிகாலை பஜர் தொழுதுவிட்டுக் கிளம்பினோம். பாதி வழியில் வரும் ஹைமா என்ற ஊரைத் தாண்டியும் பாலைவனம்தான். மகள் ஒட்டகங்களை எண்ணிக்கொண்டே வந்து, எழுபதில் சலித்துப்போய்த் தூங்கிவிட்டாள். நான் கைடு மாதிரி பேசிக்கொண்டே வந்தேன். இன்னும் கொஞ்ச தூரம்தான், பார் பார், ஒரு வளைவு திரும்பினால் அப்படியே பச்சை என்றேன். என் மனைவியும் வகுப்பில் உட்கார்ந்த பிள்ளை மாதிரி தலையை ஆட்டினாள். பிற்பகல் அஸர் நேரத்துக்கு மலை இறங்கியபோது நான் சொன்ன பச்சையும் வந்தது, காற்றில் மண் வாசமும் வந்தது. கண்ணாடியை இறக்கி மூச்சை நன்றாக இழுத்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் காலை கடற்கரைச் சாலையில் இளநீர்க் கடைகளில் நிறுத்தினோம். அங்கே வரிசையாகத் தென்னந்தோப்பு, வாழை, பப்பாளி. கடைக்காரர் மலையாளி, தமிழ் நன்றாகப் பேசினார். இளநீரைக் குடித்துவிட்டு நான் வழக்கம்போல ஆரம்பித்தேன்.

"என்ன இருந்தாலும் எங்க தோப்பு இளநீருக்கு இது ஒறை போடக் காணாது சேட்டா. இருபத்திரண்டு மரம். நல்லாக் காய்ச்ச மரத்தை, பட்டுப் போச்சுன்னு இவ பேச்சைக் கேட்டு வெட்டிச் சாய்ச்சுட்டாங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னேன். அவள் பாதி இளநீரைப் பலகைமேல் வைத்துவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு காரில் போய் உட்கார்ந்தாள்.

அந்தத் தோப்பு எங்கள் அத்தா வைத்தது. ஐந்து வருடத்துக்கு முன் ஓர் ஐப்பசிக் கடைசியில் எங்கள் கரையில் பெரும் புயல் அடித்தது. மூன்று நாள் ஊருக்குப் போன் போகவில்லை. நாலாம் நாள் அவள்தான் யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டாள். "நாலு மரம்தான் விழுந்துச்சு. நாங்க நல்லா இருக்கோம்" என்றாள். அல்ஹம்துலில்லாஹ் என்று ரூமில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். ஐந்து மாதம் கழித்து லீவில் போனபோது தோப்பே இல்லை; கன்றுகள்தான் நின்றன. மிச்ச மரமும் வேர் ஆடிப் பட்டுவிட்டது, மருமகள் சொன்னாளென்று வெட்டிவிட்டுப் புதிதாக வைத்தோம் என்றார் அத்தா. அவள் அப்போது டீத் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் அன்று பிடித்ததை அன்றோடு விடவில்லை, ஐந்து வருடமாகச் சொல்லிக் காட்டிக்கொண்டே இருந்தேன்.

கார் மலையேறியது. பத்தடிக்கு முன்னால் தெரியாத பனிமூட்டம். மகள் பின்சீட்டில் தூங்கிவிட்டாள். அப்போது என் மனைவி முன்னால் பார்த்தபடியே சொன்னாள்.

"மரத்தை நான் வெட்டச் சொல்லலைங்க."

"அப்ப யாரு சொன்னது?"

"யாரும் சொல்லலை. யாரும் வெட்டலை. புயல்ல விழுந்துச்சு. இருபத்திரண்டும் அன்னைக்கே விழுந்துருச்சு."

"போன்ல நாலு மரம்னு சொன்னியே?"

"அதை எங்க நின்னு சொன்னேன்னு தெரியுமா ஒங்களுக்கு? பள்ளிக்கூடத்து வாசல்ல, சோத்து வரிசையில. இடுப்புல ஏழு மாசப் புள்ளை, கையில தட்டு. ஒரே ஒருத்தர் போன்லதான் டவர் கெடைச்சுச்சு. பின்னாடி நாப்பது பேரு பேச நிக்கிறாங்க. நான் என்னத்தைச் சொல்ல? நான் சொன்ன அந்த நாலைக் காப்பாத்தத்தான் மாமா பெறகு வெட்டுனோம்னு கதை கட்டுனாங்க."

வீட்டு ஓடு முழுக்கப் பறந்துபோய்விட்டதாம். பதினோரு நாள் பள்ளிக்கூடத்தில் கிடந்திருக்கிறார்கள். மகளுக்குக் காய்ச்சல். ரோடெல்லாம் மரம் கிடக்க, அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தே போயிருக்கிறாள். ஒவ்வொன்றாக, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. வெளிநாட்டில் இருக்கிறவன் காதில் கெட்டதைப் போடக் கூடாது. தனியாக இருக்கிறவன், தூக்கம் கெட்டுவிடும், ஏதாவது ஆகிவிடும் என்று. காய்ச்சல் ஆறிய பிறகுதான் காய்ச்சல் வந்த செய்தியே அவனுக்கு வரும். லீவில் வந்தவனிடமும் சொல்லக் கூடாது. வந்த பிள்ளை நிம்மதியாக இருந்துவிட்டுப் போகட்டும் என்பார்கள். ஊரே கூடி முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும். அன்பினால் செய்வதுதான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பனிமூட்டத்தில் எனக்கு வந்தது கோபம்தான். அவமானத்துக்கு வேறு வழி தெரியாதபோது வருகிற கோபம்.

"என்கிட்டச் சொல்றதுக்கு என்ன? நான் என்ன வீட்டுக்கு வந்த விருந்தாளியா?"

"விருந்தாளிதான்" என்றாள். "அதுலயும் வராத விருந்தாளி. மக பொறந்தப்ப வந்தீங்களா? சொந்தம் பந்தமெல்லாம் வந்துச்சு. நீங்க மட்டும் லீவு குடுக்கலைன்னுட்டீங்க. ஆஸ்பத்திரியில பக்கத்துப் படுக்கையில எல்லாத்துக்கும் புருசன் வந்து நிக்கிறான். நான் செவுத்தைப் பாத்துக்கிட்டுப் படுத்துக் கெடந்தேன்."

"கால் ஒடிஞ்சு கெடந்தேன்டி அப்ப!"

சொல்லக் கூடாது என்று ஐந்து வருடமாகக் காத்து வந்தது வாய் தவறி வெளியே வந்துவிட்டது. ஸ்டோரில் ஏணியிலிருந்து விழுந்து, இரண்டு மாதம் மாவுக்கட்டோடு கிடந்தேன். வீடியோ காலில் நெஞ்சுக்கு மேலே மட்டும் தெரிகிற மாதிரி போனைப் பிடித்துக்கொள்வேன். பிள்ளை பெறப் போகிறவளிடம் இதைப் போய்ச் சொல்வதா என்று நானும் நம் வழக்கப்படி நல்லவனாக இருந்தேன்.

அவள் முதன்முறையாக என் பக்கம் திரும்பினாள்.

"எந்தக் கால்?"

"இடது."

என் இடது காலையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தோளில் ஓங்கி ஓர் அடி போட்டாள். உண்மையிலேயே வலித்தது.

"அஞ்சு வருசமா ஒங்க மேல கறுவிக்கிட்டு இருந்தேங்க. இந்த ஆளுக்கு நெஞ்சுல ஈரமே இல்லைன்னு நெனைச்சுக்கிட்டே சமைச்சுப் போட்டேன், துணி தொவைச்சேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீ சொன்னியா?"

"நான் சொல்லலைன்னா நீங்க சொல்லக் கூடாதா?"

ஒன்பது வருடத்தில் அவள் என்னை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. நியாயம் முழுக்க அவள் பக்கம் இருந்தது என்பதை இப்போது எழுதும்போது கூச்சமில்லாமல் சொல்கிறேன்; அன்று ஒத்துக்கொள்ள ஒரு மணி நேரம் ஆனது.

மலையில் ஊற்று ஒன்று இருக்கும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். புல்வெளி நிறையக் குடும்பங்கள், கம்பியில் குத்தி இறைச்சி சுடுகிற புகை, நனைந்துகொண்டே தேநீர் குடிக்கிற அரபிக் கிழவர்கள். மகள் விழித்து, செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினாள். மனைவி உள்ளங்கையை நீட்டித் தூறலைப் பிடித்துப் பார்த்தாள்.

"இதுக்கா ஆயிரம் கிலோமீட்டர் ஓட்டுனீங்க? இதை நம்ம ஊர்ல மழைன்னு சொன்னா ஆடுகூட நம்பாது."

சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். சுட்ட இறைச்சி வாங்கித் தின்றோம்; உப்பும் இல்லை உறைப்பும் இல்லை என்று குறை சொல்லிக்கொண்டே மூன்று கம்பியைக் காலி செய்தாள். மகளோடு சேர்ந்து புல்லில் சறுக்கி விழுந்தாள். அவ்வளவு சத்தமாக அவள் சிரித்து நான் கேட்டதே இல்லை. நானும் மழையில் உட்கார்ந்திருந்தேன். முன்பு நாலு தடவை வந்தபோது பார்க்காத எதையோ அன்று பார்த்த மாதிரி இருந்தது.

சாயங்காலம் ஈரத் துணியோடு காரில் ஏறியதும் கேட்டேன். "இப்பவாவது ஒன் வாயால சொல்லு. இங்க இருக்கியா?"

"இல்லைங்க" என்றாள்.

அவ்வளவு நேரடியாக ஒரு பதிலை நான் எதிர்பார்க்கவில்லை.

"காலையில ஏழு மணிக்குப் போறீங்க, ராத்திரி எட்டுக்கு வாரீங்க. அங்கனயும் காத்துக்கிட்டுதான் இருந்தேன், இங்கிட்டு வந்தும் அதேதான். அங்க நான் வச்ச கன்னு இருக்கு. மகளுக்குப் பள்ளிக்கூடம் இருக்கு. எனக்கு நாலு மனுசர் இருக்காங்க." பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள். "நீங்க வந்துருங்க."

"வந்து என்ன செய்யறது?"

"தெரியாது. ரெண்டு பேருமா யோசிப்போம்."

வெளிநாட்டுக்காரன் லீவில் வந்து எங்கள் ஊர் பஸ் ஸ்டாப்பில் இறங்கினால் இரண்டே கேள்விதான். எப்ப வந்தீங்க? எப்பப் போறீங்க? பெட்டியைக் கீழே வைக்குமுன் கேட்டுவிடுவார்கள். அத்தா கேட்டிருக்கிறார், அம்மா கேட்டிருக்கிறார், பள்ளிவாசலில் பக்கத்தில் தொழுதவர் சலாம் கொடுத்த கையோடு கேட்டிருக்கிறார். பதினான்கு வருடத்தில் ஒருவர்கூட என்னிடம் வந்துவிடு என்று சொன்னதில்லை. சொல்லக் கூடாது என்று நினைத்தார்களோ, சொன்னால் நான் சங்கடப்படுவேன் என்று நினைத்தார்களோ. நான் எவ்வளவு காலமாக அதைக் கேட்கக் காத்திருந்தேன் என்பது அவள் சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது. மகள் பின்னாலிருந்து, அத்தா ஏன் அழுகிறார் என்று கேட்டாள். கண்ணில் புகை பட்டுவிட்டது என்று சொல்ல வாயெடுத்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

"ஒங்க அம்மா என்னை நம்ம வீட்டுக்கே வந்துரச் சொல்றா. அதான் அழுவுறேன்" என்றேன்.

கணக்கு முடித்துக் கிளம்ப இன்னும் ஒரு வருடம் பிடித்தது. இப்போது அறந்தாங்கியில் ஒரு ஹார்டுவேர் கடையில் ஸ்டாக் பார்க்கிறேன். வருமானம் குறைவுதான், அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. பெட்டியோடு வந்திறங்கிய அன்றே எதிர்வீட்டு அம்மா வாசலுக்கு வந்துவிட்டார்.

"வாங்க தம்பி, எப்ப வந்தீங்க? எப்பப் போறீங்க?"

நான் வாயைத் திறக்குமுன், என் கையிலிருந்த பெட்டியை வாங்கிக்கொண்டே அவள் தெருவுக்கே கேட்கிற மாதிரி சொன்னாள்.

"இனிமே போக மாட்டாங்க. நான்தான் வரச் சொன்னேன்."