எழுதுகிறேன், பொறு

இதைப் படிக்கிற நீங்கள் நடுவில் எங்கேயாவது சிரிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், சிரித்துக்கொள்ளுங்கள், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன். பேய், காத்து, கருப்பு என்று யாராவது பேச்செடுத்தாலே எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆளும் நான்தான். அப்பா அய்யலூர் சந்தையில் ஆடு வாங்கி விற்கிறவர், இன்றைக்கும் கைநாட்டுதான். எனக்குக் காய்ச்சல் வந்தபோது வேப்பிலை அடிக்க வந்தவரை வாசலிலேயே நிறுத்தி, மாத்திரை போதும் என்று திருப்பி அனுப்பியவன் நான். டிப்ளமோ முடித்து வேடசந்தூர் பக்கம் ஒரு நூல் மில்லில் மெஷின்களின் கன்ட்ரோல் பெட்டிகளைப் பார்க்கிற வேலைக்குச் சேர்ந்தேன். இது நடந்தது ராத்திரியில்கூட இல்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணி, வெளியே வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

முதலில் அந்தப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மில்லில் மிஞ்சுகிற கழிவுப் பஞ்சை அமுக்கிக் கட்டாகக் கட்டுவதற்கு ஒரு பிரஸ் இருந்தது. ஆள் உயரத்துக்கு ஓர் இரும்புக் கூடு, முன்னால் ஒரு கதவு, மேலிருந்து இறங்குகிற ஒரு தட்டு. கதவு திறந்திருந்தால் தட்டு இறங்கக் கூடாது, அதைப் பார்த்துக்கொள்ள ஒரு சென்சார். யார் ஓட்டினார், எப்போது கதவு திறந்தது, எப்போது தட்டு இறங்கியது என்பதையெல்லாம் பக்கத்தில் இருக்கிற கன்ட்ரோல் பெட்டி ஒரு ஃபைலில் எழுதி வைக்கும். நான் சேர்ந்த புதிதில் அந்த ஃபைல் அடிக்கடி கெட்டுப்போகும். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பாதி வரியோடு நின்று மொத்தமும் குப்பையாகிவிடும். நான் உட்கார்ந்து புரோகிராமை மாற்றி எழுதினேன். ஃபைலை வேறு யாரும் திறந்து வைத்திருக்கிறார்களா என்று பெட்டி முதலில் பார்க்கும், புது வரியைப் பழைய ஃபைலில் எழுதாமல் ஒரு நகலில் எழுதும், நகலை மூடும், மூடியதைத் திரும்பப் படித்துச் சரி பார்க்கும், எல்லாம் சரியாக இருந்தால்தான் பழையதை எடுத்துவிட்டு அதன் பெயரை நகலுக்கு வைக்கும். ஒழுங்காக எழுதி மூடிய ஒவ்வொரு வரியின் கடைசியிலும் 'முடிந்தது' என்று ஒரு சொல் இருக்கும். இவ்வளவும் ஒரு நொடிக்குள் நடந்துவிடும், ஆனால் அந்த ஒரு நொடியில் யாரும் எதையும் அமுக்கிவிடக் கூடாது என்பதற்காகத் திரையில் தமிழில் ஒரு வாசகம் வர வைத்தேன்: எழுதுகிறேன், பொறு.

அதற்குப் பிறகு ஒருமுறைகூட ஃபைல் கெடவில்லை. 'என் ஃபைல் பொய் சொல்லாது' என்று டீக்கடையில் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன். இந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

பிரஸ்ஸை ஓட்டியவர் வெள்ளைச்சாமி அண்ணன், டோக்கன் நம்பர் 47. அவரும் வீட்டில் ஆடு வளர்த்தார், சந்தையில் என் அப்பாவைத் தெரியும்.

"ஏலே ஆட்டுக்காரன் மகனே, உன் பெட்டி என்னயப் 'பொறு'ங்குதுடா. நான் எங்கப்பனுக்கே பொறுத்ததில்ல."

"ஒரு செகண்டுதானண்ணே."

"அரை செகண்டா இருந்தாலும் மருவாதையா பொறுங்கன்னு போடு. வயசுல மூத்தவன்ல."

"மாத்துறேண்ணே."

மாற்றவே இல்லை. தினமும் ஷிப்ட் மாறும்போது அவர் தோளில் கிடக்கிற துண்டை எடுத்து எங்கள் இரண்டு பேர் கைமேலும் போட்டு, சந்தையில் ஆட்டுக்கு விலை பேசுகிற மாதிரி உள்ளே என் விரல்களைப் பிடிப்பார். முதலில் நாலு விரல். விட்டுவிட்டு அஞ்சு விரலும் சேர்த்து, பிறகு ரெண்டு. நாலு, ஏழு. "நாப்பத்தேழு. இம்புட்டுதான்டா அண்ணன் வெல" என்று சிரிப்பார். உள்ளங்கை உப்புத்தாள் மாதிரி இருக்கும்.

ஒருநாள் அண்ணன் லீவு, அய்யலூர் சந்தைக்குப் போயிருந்தார். அன்றைக்குப் பார்த்துக் கதவு சென்சாரில் பஞ்சுத் தூசி அடைத்து பிரஸ் நின்று நின்று போனது. மேனேஜர் வந்தார். துடைத்தால் சரியாகிவிடும், அரை மணி நேரம் ஆகும் என்று சொன்னேன்.

"அரை மணி நேரம் உங்கப்பனா வந்து பஞ்சு அமுக்குவான்? சென்சாரத் தூக்கிவிடு."

சென்சாரை நீக்க வேண்டுமென்றால் யார் நீக்குகிறார் என்று பெட்டி டோக்கன் நம்பர் கேட்கும். என் நம்பர் 31. நான் தயங்கினேன்.

"47ஐப் போட்டுத் தொலடா. எல்லாப் பயலும் அதத்தான போடுறாய்ங்க."

அது உண்மைதான். பெட்டிமேல் அண்ணனே தன் நம்பரைச் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார், அவசரத்துக்கு எல்லாரும் அதைத்தான் தட்டுவார்கள். நானும் தட்டினேன், நாலு, ஏழு. 'எழுதுகிறேன், பொறு' என்று வந்து போனது. மறுநாள் காலையில் அண்ணன் வருவதற்குள் திரும்பப் போட்டுவிடலாம் என்று நினைத்தேன், வேறொரு மெஷின் வேலையில் மறந்துபோனேன். அண்ணன் வந்தார். பஞ்சு சிக்கியதும் எப்போதும்போல் கதவைத் திறந்து குனிந்தார். கதவு திறந்திருந்தால் தட்டு இறங்காது என்பது அவருக்கு அத்தனை உறுதி. தட்டு இறங்கியது.

மேனேஜர் அந்த ஃபைலைப் பிரிண்ட் எடுத்து எல்லாருக்கும் காட்டினார். '47, கதவு சென்சார் நீக்கம், முடிந்தது.' அவனே நீக்கினான், அவனே தலையை விட்டான், குடித்திருந்தானோ என்னவோ, ஃபைல் பொய் சொல்லாது. என் வார்த்தையையே எடுத்துச் சொன்னார். அண்ணன் டீக்கு மேல் எதுவும் குடித்து நான் பார்த்ததில்லை. அவர் சம்சாரம் செல்லம்மா அக்கா மில் கேட்டில் நின்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் ஒன்றே ஒன்றுதான் கேட்டது. "அவரு அப்பிடிச் செய்யலன்னு ஒருத்தர் சொல்லுங்கய்யா, போதும்." நான் சைக்கிளை வேகமாக மிதித்துத் தாண்டிப் போனேன்.

திங்கட்கிழமை விசாரணைக்கு அதிகாரிகள் வருகிறார்கள் என்று ஆனதும்தான் மேனேஜருக்கு உறைத்தது. சென்சார் நீக்கிய தேதியில் 47 லீவு. வருகைப் பதிவேடு அப்படிச் சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூப்பிட்டார், அந்த வரியின் தேதியை ஒருநாள் தள்ளிப் போடச் சொன்னார். மில் முழுக்க லீவு, கேட்டில் வாட்ச்மேன் மட்டும். பிரஸ் மோட்டாரின் மெயின் சுவிட்சை நானே அணைத்துச் சிவப்புப் பூட்டுப் போட்டேன், சாவி என் பேன்ட் பாக்கெட்டில். கன்ட்ரோல் பெட்டிக்கு மட்டும் கரண்ட் விட்டு, லேப்டாப்பைக் கேபிளில் மாட்டினேன்.

திரையில் 'எழுதுகிறேன், பொறு' என்று நின்றது.

ஒரு நொடியில் போக வேண்டியது போகவில்லை. ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம் ஆனது, அப்படியே நின்றது.

"என்னடா அது?"

"யாரோ ஃபைலத் தொறந்து எழுதிக்கிட்டிருக்காங்க சார்."

"நீயும் நானுந்தான இருக்கோம். யாருடா எழுதுறது, உங்க தாத்தனா? ஆஃப் பண்ணிப் போடு."

அணைத்தேன். திரை கறுத்தது. திரும்பப் போட்டால் வழக்கமாகக் கம்பெனி படம் ஒன்று வரும், பிறகு மெனு வரும், பிறகுதான் என் புரோகிராமே ஓட ஆரம்பிக்கும். நம்பினால் நம்புங்கள், படம் வரவில்லை, மெனு வரவில்லை, கறுப்புத் திரையில் முதலில் வந்தது அந்த வாசகம்தான். இன்னும் செத்த நேரம் நின்றுவிட்டுத் தானாகப் போனது.

ஃபைலைத் திறந்தேன். பழைய வரிகளுக்குக் கீழே மூன்று புது வரிகள் இருந்தன, அன்றைய தேதியில்.

3.12, டோக்கன் 01, கதவு திறப்பு, முடிந்தது.

3.13, டோக்கன் 01, தட்டு இறக்கம், முடிந்தது.

மூன்றாவது வரியில் டோக்கன் 31 என்று மட்டும் இருந்தது. நேரம் இல்லை, என்ன நடந்தது என்றும் இல்லை, 'முடிந்தது' என்பதும் இல்லை.

01 மேனேஜர் நம்பர். அப்போது பெட்டியின் கடிகாரத்தில் மணி 3.10. என் செல்போனிலும் 3.10தான்.

"சார், டைம் வந்து..." என்று ஆரம்பித்தேன். அவர் கேட்கவில்லை, சென்சாரில் இன்னும் தூசி இருக்கும், அதுதான் கண்டதையும் எழுதுகிறது என்று திட்டிக்கொண்டே பிரஸ் பக்கம் போனார். கைக்குட்டையை எடுத்துக் கதவைத் திறந்தார், சட்டைக் கையை மடித்துக்கொண்டு வலது கையை உள்ளே விட்டுத் துடைத்தார். மோட்டார் பூட்டியிருக்கிறது, சாவி என்னிடம் இருக்கிறது, ஒன்றும் ஆகாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனாலும் கத்த வேண்டும் என்று வாய் திறந்தது. அடுத்த வரியைப் படித்தவன் நான் ஒருவன்தானே.

அப்போதுதான் என் கையை ஒரு கை பிடித்தது. துண்டுக்கு அடியில் பிடிக்கிற மாதிரி, சூடாக, சொரசொரப்பாக. நாலு விரல். பிறகு அஞ்சு. பிறகு ரெண்டு.

நான் கத்தவில்லை. கத்த முடியவில்லையா, கத்தாமல் விட்டேனா என்று இன்றுவரை எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. மோட்டார் சத்தம் இல்லாமல் தட்டு இறங்கியது. மேனேஜரின் அலறல் கேட்டு வாட்ச்மேன் கேட்டிலிருந்து ஓடி வந்தார். பூட்டு போட்டபடியே இருந்தது. சாவி பாக்கெட்டில் இருந்தது.

உயிருக்கு ஒன்றும் இல்லை, வலது கையில் பெருவிரல் மட்டும் மிஞ்சியது. பார்க்க வந்த சர்வீஸ் மெக்கானிக் வால்வில் கசிவு, குழாயில் மிச்சமிருந்த ஆயில் பிரஷர், இப்படி நடப்பதுண்டு என்றார். நான் தலையாட்டினேன். எனக்கும் அந்தப் பாடம் தெரியும். வால்வு கசியும், ஆனால் கசிவதற்கு மூன்று நிமிடம் முன்னாலேயே அதை ஃபைலில் எழுதாது.

திங்கட்கிழமை வந்த அதிகாரியிடம் ஃபைலை அப்படியே கொடுத்தேன், 47ஐத் தட்டியது நான், தட்டச் சொன்னது மேனேஜர் என்று கைப்பட எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேலை போனது. சாயங்காலம் செல்லம்மா அக்கா வீட்டுக்குப் போய் அதையே சொன்னேன். அக்கா உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"இத நான் கேட்ல நின்னப்பயே சொல்லிருக்கலாம்ல அப்பு."

"தப்புதாங்கா."

"எங்கிட்ட சொல்லிட்ட. சரி. அவருகிட்ட நீயே பேசிக்க" என்று கதவைச் சாத்திக்கொண்டது.

போன மாதம் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் மேனேஜரைப் பார்த்தேன். இடது கையால் பையைப் பிடித்திருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. கிட்டே வந்து மெதுவாக, "நீ படிச்சிட்டுத்தான நின்ன? ஏன்டா கத்தல?" என்றார். என் பஸ் வந்துவிட்டது, ஏறிவிட்டேன். அது எந்த ஊர் பஸ் என்று ஏறிய பிறகுதான் பார்த்தேன்.

இப்போது வேறு இடத்தில் இதே வேலைதான் செய்கிறேன். நான் எழுதுகிற எல்லாப் பெட்டியிலும் 'எழுதுகிறேன், பொறுங்கள்' என்றுதான் போடுகிறேன், அண்ணன் கேட்ட மரியாதையோடு. எல்லா இடத்திலும் அப்படியே வருகிறது, ஒரு நொடியில் போகிறது. அந்தப் பழைய ஃபைலின் நகல் ஒன்று மட்டும் என் லேப்டாப்பில் இருக்கிறது. அந்த 31 வரியை அழித்துவிடலாம், இல்லாவிட்டால் நானே 'முடிந்தது' என்று எழுதி மூடிவிடலாம் என்று எத்தனையோ தடவை திறந்து பார்த்துவிட்டேன். இந்த லேப்டாப்பில் அந்தப் புரோகிராம் கிடையாது, எந்த மெஷினோடும் இதற்குத் தொடர்பு கிடையாது. ஆனாலும் ஒவ்வொரு தடவையும் திரையில் அந்த வாசகம் வருகிறது. எனக்கு மட்டும் 'பொறுங்கள்' இல்லை.

எழுதுகிறேன், பொறு.