தம்பி வீட்டு அடுப்பு

இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் நடந்தது இது. ஆடி முடிந்து ஆவணி பிறக்கப் போகிற நேரம். அப்போது நான் திருவள்ளூரில், ரயில் நிலையத்துக்குப் போகும் சாலையில் ஒரு மருந்துக் கடை மாடியில் இருந்த இன்ஜினீயர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு கட்டுகிறவர்களுக்கு பிளான் போட்டுக் கொடுக்கும் இடம்.

எங்கள் வீட்டில் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியவர் எனக்கு முன்னால் யாருமில்லை. நான் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்திருந்தேன். அதில் எனக்குப் பெருமை உண்டு, இன்றைக்கும் உண்டு. அம்மாவுக்கு என்னைவிட அதிகம். என்ன வேலை என்று அம்மா கேட்டபோது, கம்ப்யூட்டரில் வீடு வரைவது என்று சொன்னேன். அன்று சாயங்காலமே தெரு முழுக்க, "எம்பொண்ணு திருவள்ளூர்ல ஊடு கட்டுது" என்று செய்தி பரவிவிட்டது.

உண்மையில் நான் அங்கே வரையவில்லை. போன் எடுப்பது, ஜெராக்ஸ் எடுத்து வருவது, எஸ்டிமேட் டைப் அடிப்பது, இவ்வளவுதான். வரைகிற கம்ப்யூட்டருக்கு முன்னால் ஓர் அண்ணன் உட்கார்ந்திருந்தார். அவருக்குத் துபாயில் வேலை கிடைத்துத் திடீரென்று கிளம்பிப் போனார். அந்த நாற்காலி காலியானது. சென்னையிலிருந்து ஆள் வரவழைக்கப் போவதாக சார் சொன்னதும், கம்ப்யூட்டரில் பிளான் வரைகிற கேட் (CAD) மென்பொருள் எனக்கே தெரியும் என்று நான் முந்திக்கொண்டு சொல்லிவிட்டேன். அதற்கு அவர், கையில் இருக்கிற ஒரு பிளானைத் தருகிறேன், அதைப் பார்ட்டி ஒத்துக்கொண்டால் நாற்காலி உனக்கு, இல்லாவிட்டால் சென்னை ஆள்தான் என்றார்.

தெரியும் என்று சொன்னதில் பாதிதான் உண்மை. பாலிடெக்னிக் லேபில் ஒரு கம்ப்யூட்டருக்கு முன்னால் ஒரு கூட்டமே உட்காரும். மவுஸ் எப்போதும் பையன்கள் கையில் இருக்கும். பெண்கள் நாங்கள் அவர்கள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக் கற்றுக்கொண்டோம்.

எனக்கு வந்த பிளான், திருப்பாச்சூர் பக்கத்துக் கிராமத்தில் நெல் பயிர் வைக்கும் ஒரு குடும்பத்துடையது. அண்ணன், தம்பி இருவர். பழைய வீட்டை இடித்துவிட்டு அதே மனையில், நடுவில் ஒரே சுவர் வைத்து இரண்டு வீடு கட்ட வேண்டும். மனை கிழக்குப் பார்த்தது. தெற்குப் பக்கம் அண்ணனுக்கு, வடக்குப் பக்கம் தம்பிக்கு. ஒரே ஒரு நிபந்தனை: ஒரு வீடு இன்னொன்றைவிட விரல் அகலம்கூடப் பெரிதாக இருக்கக் கூடாது. இதைச் சொன்னது தம்பியின் மனைவி. "நாளைக்கு யாரும் யாரையும் ஒண்ணு சொல்லக் கூடாது பாரு, அதுக்குத்தான்" என்று தன் ஓரகத்தியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சொன்னார். ஓரகத்தி சிரிக்கவில்லை.

அண்ணன் வீட்டை முதலில் வரைந்தேன். தென்கிழக்கு மூலையில் சமையலறை, வடகிழக்கில் பூஜை அறை, பின்னால் படுக்கை அறைகள். இது நன்றாகவே வந்தது. அடுத்து தம்பி வீடு. அதற்கு நான் ஒரு கோடுகூட வரையத் தேவையில்லை. கேட் மென்பொருளில் மிரர் என்று ஒரு வசதி உண்டு. நடுச்சுவரில் ஒரு கண்ணாடியை நிறுத்தியதுபோல, இந்தப் பக்க வீட்டை அந்தப் பக்கம் அப்படியே பிரதிபலித்துக் காட்டும். ஒரு நூல் வித்தியாசம் வராது. விரல் அகலம்கூடப் பிசகக் கூடாது என்று கேட்டவர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

செய்தேன். தம்பி வீடு ஒரு நொடியில் எழுந்து நின்றது. ஆனால் அதில் இருந்த எழுத்துகளும் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாகத் திரும்பி நின்றன. கிச்சன், ஹால், அளவு எண்கள், எல்லாமே. அண்ணன் வீட்டில் எழுத்துகள் நேராக இருக்க, தம்பி வீடு மட்டும் ஏதோ மந்திரத் தகடுபோல இருந்தது.

ஒவ்வொன்றாக அழித்துவிட்டுப் புதிதாக அடித்தேன். ஒரு பகல் போயிற்று. முடிக்கும்போது சார் வந்து ஹாலைக் கொஞ்சம் குறைத்துப் படுக்கை அறையைக் கூட்டச் சொன்னார். அண்ணன் வீட்டில் மாற்றி மறுபடியும் மிரர் செய்தால், மறுபடியும் எல்லா எழுத்தும் புரண்டு நின்றது. அழுகை வந்தது. சாரிடம் கேட்கலாம். கேட்டால், "தெரியும்னு சொன்னியேமா" என்பார். துபாய் அண்ணனுக்குப் போன் செய்யலாம். அவர் அங்கிருந்தே சாருக்குச் சொல்லிச் சிரிப்பார். பாலிடெக்னிக் தோழிகளுக்கு என்னைவிடக் குறைவாகத்தான் தெரியும்.

அன்று ஊருக்கு ரயில் ஏறும் முன்னால் ஸ்டேஷன் அருகே இருந்த பிரவுசிங் சென்டருக்குள் நுழைந்தேன். வீடு வரையும் மென்பொருளில் சிக்கிக்கொண்டவர்கள் கேள்வி கேட்கவும், தெரிந்தவர்கள் பதில் எழுதவும் இணையத்தில் ஒரு பக்கம் இருந்தது. முழுக்க ஆங்கிலம். நான் பன்னிரண்டு வயதுவரை ஆங்கிலத்தில் என் பெயரை மட்டுமே எழுதத் தெரிந்தவள். என் கேள்வியை எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன். இலக்கணம் சரியா என்று பக்கத்தில் மெயில் பார்த்துக்கொண்டிருந்தவரிடம் கேட்கக்கூடக் கூச்சம். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு அனுப்பிவிட்டேன். ரயிலில் உட்கார்ந்ததும், உலகத்துக்கே என் அறியாமையைத் தண்டோரா போட்டுவிட்டேனே என்று வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் அண்ணன் தம்பி குடும்பம் பிளான் பார்க்க வருவதாக இருந்தது. அலுவலகம் போகும் வழியில் பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். பதில் வந்திருந்தது.

எழுதியவர் ஆணா பெண்ணா, எந்த நாடு, ஒன்றும் தெரியாது. பெயருக்குப் பதில் நான்கைந்து எழுத்துகள்தான் இருந்தன. என் ஆங்கிலத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. எழுத்து புரளாமல் இருக்க மென்பொருளில் ஒரு சின்ன அமைப்பு இருக்கிறது, அதன் பெயரை அடித்து, பக்கத்தில் பூஜ்யம் கொடுத்துவிட்டு மறுபடி மிரர் செய், சரியாகிவிடும் என்று எழுதியிருந்தார். அதற்குக் கீழே ஒரு வரி விட்டு, நான் கேட்காத ஒன்றையும் எழுதியிருந்தார். எழுத்தைவிட முக்கியமானது வீடு. பிரிண்ட் எடுக்கும் முன் அந்த இரண்டாவது வீட்டின் வாசலில் நுழைந்து மனசுக்குள் ஒரு முறை நடந்து பார். கண்ணாடிக்குச் சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும் என்று தெரியாது. இதுதான் அந்த வரியின் பொருள்.

அலுவலகத்தில் உட்கார்ந்து பூஜ்யம் கொடுத்து மிரர் செய்தேன். எழுத்துகள் அத்தனையும் நேராக வந்து நின்றன. எழுந்து ஒரு குதி குதிக்கலாம்போல இருந்தது. பிரிண்ட் கொடுக்கப் போனவள், சொன்னாரே என்பதற்காக, திரையில் தம்பி வீட்டு வாசலில் விரலை வைத்து உள்ளே நடந்தேன்.

ஹால் சரி. இந்தப் பக்கம் சமையலறை. அப்போதுதான் உறைத்தது. அண்ணன் வீட்டில் தென்கிழக்கில் இருந்த சமையலறை, கண்ணாடியில் புரண்டு தம்பி வீட்டில் வடகிழக்குக்குப் போயிருந்தது. சாமி இருக்க வேண்டிய ஈசானி மூலையில் அடுப்பு. அடுப்பு இருக்க வேண்டிய அக்னி மூலையில் சாமி. எழுத்து புரண்டதைப் பார்த்துப் பார்த்து அழித்துக்கொண்டிருந்த எனக்கு, வீடே புரண்டிருந்தது தெரியவில்லை. நம் பக்கத்தில் வாஸ்துவை நம்பாதவர்கள்கூட, அடுப்பு எந்த மூலை என்று கேட்காமல் கடைக்கால் தோண்ட மாட்டார்கள். அதிலும் தம்பிக்கு மட்டும் மூலை மாறியது என்றால், அது அண்ணன் செய்த சதியாகத்தான் பேசப்படும்.

சாரிடம் சொன்னேன். அவர் படத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். "அவுங்க அளவைத்தான் பாப்பாங்கமா. மூலையெல்லாம் இந்தப் பேப்பர்ல யாருக்குப் புரியப்போவுது? பிரிண்ட் போடு, பூமி பூஜை அன்னிக்குப் பாத்துக்கலாம்" என்றார்.

பிரிண்ட் போட்டால் அவர்கள் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள், நாற்காலி எனக்குக் கிடைத்துவிடும். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனால் என் கை அந்தப் பொத்தானுக்குப் போகவில்லை. அவர்களிடம் நானே சொல்கிறேன் சார் என்றேன். சொல், ஆனால் அவர்கள் எழுந்து போய்விட்டால் நான் ஒன்றும் செய்ய முடியாது என்றார் அவர்.

அவர்கள் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அண்ணன் மனைவி என்னை எந்த ஊர், யார் மகள் என்று விசாரித்தார். சொன்னேன். அம்மா அவர்கள் பக்கம் நடவுக் கூலிக்கு வந்திருக்கிறாள் என்பதையும் சேர்த்தே சொன்னேன், குரலைத் தாழ்த்தாமல். அவர் என்னையும் கம்ப்யூட்டரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நாற்காலியை இழுத்துக் கிட்டே போட்டுக்கொண்டார்.

நான் இரண்டு பிரிண்ட் எடுத்து வைத்திருந்தேன். ஒன்று கண்ணாடி வீடு. இன்னொன்றில் அண்ணன் வீட்டைப் புரட்டாமல் அப்படியே நகல் எடுத்துத் தம்பி பக்கம் வைத்திருந்தேன். முதலாவதில் அளவு சரி, அடுப்பு ஈசானியில் என்றேன். இரண்டாவதில் மூலை சரி, ஆனால் தம்பி வீட்டு சமையலறை நடுச்சுவரை ஒட்டி வருவதால் பக்கவாட்டு ஜன்னல் போய்விடும் என்றும் சொன்னேன்.

தம்பி மனைவி படத்தைக் காட்டிய என் கையைத் தட்டிவிட்டார். "பாத்தியா. அவுங்களுக்கு ரெண்டு ஜன்னலு, எனக்கு ரோட்டப் பாத்த ஜன்னலு ஒண்ணா? போறவன் வர்றவன்லாம் என் சட்டியில இன்னா கொதிக்குதுன்னு பாத்துக்கினு போவானா?"

தம்பி, ஜன்னல்தானே என்று ஏதோ ஆரம்பித்தார். "நீ சமைக்கிறியா?" என்று ஒரே கேள்வியில் அவரை உட்கார வைத்தார் அந்த அம்மா. அண்ணன் படியைப் பார்த்தார். பிளானை மடித்து வைத்துவிட்டு, ஆளுக்கொரு பக்கம் தனித்தனியாகக் கட்டிக்கொள்ளலாம் என்றுகூடச் சொல்லிவிட்டார். நாற்காலி போனது என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

அப்போது அண்ணன் மனைவி அந்த இரண்டாவது படத்தில் விரலை வைத்தார். "இந்தச் சுவத்துக்கு இந்தாண்ட எங்க சாமி ரூம்தானே? அதுக்கு மட்டும் ஜன்னல் இருக்குதா?" என்று என்னிடம் கேட்டார்.

கிழக்கில் வாசல் திண்ணைச் சுவர் வருவதால் அதற்கும் ஜன்னல் இல்லை. இல்லையென்றேன்.

"அப்போ எங்க சாமியும் இருட்டுல, இவ அடுப்பும் இருட்டுல. ரெண்டு பேருக்கும் ஒரே பேஜாரு தானே" என்றார்.

அவர் அதை ஒரு கேலியாகத்தான் சொன்னார். ஆனால் எனக்குப் பளிச்சென்று தோன்றியது. அந்த இடத்தில் மட்டும் நடுச்சுவரைப் பிளந்து, இருவர் பக்கமும் ஒரே அளவு விட்டு, மேலே வானம் தெரிகிற ஒரு சின்னத் திறப்பு வைத்தால்? தம்பி அடுப்புக்கும் ஜன்னல், அண்ணன் சாமிக்கும் ஜன்னல். இழப்பதும் இருவருக்கும் சமம். கம்ப்யூட்டரைத் திருப்பி அவர்கள் கண்ணுக்கு முன்னாலேயே வரைந்தேன். அவசரத்தில் முதல் கோடு கோணலாகப் போனது. அழித்துவிட்டு வரைந்தேன்.

தம்பி மனைவி திரைக்குக் கிட்டே குனிந்தார். "எங்க கருவாட்டு நாத்தம் அக்கா ஊட்டு சாமிக்குப் போவுமே?"

"போனா போவுது. சாமியும் எத்தினி நாளுதான் வெறும் பொங்கலையே மோந்துக்கினு இருக்கும்" என்றார் அண்ணன் மனைவி.

தம்பி மனைவிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆண்கள் இருவரும் அந்தப் படத்துக்கே தலையாட்டினார்கள். ஆவணியில் நல்ல நாள் பார்த்துக் கடைக்கால் போட்டார்கள். சென்னை ஆளுக்குப் போன் செய்யவே இல்லை என்று சார் பிறகு ஒருநாள் டீ குடிக்கும்போது போகிற போக்கில் சொன்னார். அவர் சொல்லுமுன்பே நான் அந்த நாற்காலியின் உயரத்தை எனக்கேற்ற மாதிரி மாற்றிவிட்டிருந்தேன்.

அந்த முகம் தெரியாதவருக்கு நன்றி எழுதினேன். பதில் வரவில்லை. சில நாள் கழித்து, மாடிப்படி வரைவதில் சிக்கிய யாரோ ஒருவர் அதே பக்கத்தில் தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில் கேட்டிருந்தார். எனக்குத் தெரிந்திருந்தது, எழுதினேன். பிறகு அது வழக்கமாகிவிட்டது. இப்போது வருகிற மென்பொருளில் மிரர் செய்தால் எழுத்து புரள்வதில்லை, தானாகவே நேராக நிற்கிறது. என்னோடு வேலை செய்கிற பெண்கள் அதனால் யாரையும் கேட்க வேண்டியதில்லை. அவர்கள் பிரிண்ட் எடுக்கப் போகும்போது நான் எழுந்து போய், வாசலில் விரலை வைத்து நடக்கச் சொல்கிறேன்.

எல்லாம் தெரிந்தவளாக இருப்பதுதான் படித்தவளுக்கு அழகு என்று அதுவரை நினைத்திருந்தேன். தெரியவில்லை என்று நான் வாய் திறந்து கேட்ட அந்த ஒரு நாளில், கேட்டதற்கு மேலும் கொடுக்கிற மனிதர்கள் எங்கோ இருக்கிறார்கள் என்று தெரிந்துகொண்டேன். அந்தத் தைரியத்தில்தான் இன்றும் புதிதாக ஒன்றைத் தொடங்குகிறேன்.