புள்ளடிக்குப் பக்கத்தில் எழுதியது

புலிகளுக்கும் அரசாங்கத்துக்கும் இடையில் சமாதானம் குலையத் தொடங்கியிருந்த நாட்களில்தான் எங்கள் பேசாலையில் கடற்றொழிலாளர் சங்கத்துக்குத் தலைவர் தெரிவு நடந்தது. வெளியூர்க்காரருக்கு அது சின்ன விசயம். எங்களுக்கு அப்படியில்லை. கடலுக்குப் போக நேவியிடம் பாஸ் எடுத்துத் தருவதும், மண்ணெண்ணெயைப் பங்கிடுவதும் தலைவரின் கையில்தான் இருந்தன. அண்ணா ஒரு பக்கம் நின்றார். அவரோடு ஒரே வள்ளத்தில் தொழில் செய்து பிரிந்த கூட்டாளி மறுபக்கம். வாக்கு எண்ணும் மேசையில் அண்ணாவின் சார்பில் நான் இருந்தேன். எதிர்த்தரப்புக்கு அந்தக் கூட்டாளியின் மனைவி.

தேர்தலை நடத்த மன்னாரிலிருந்து கூட்டுறவு உத்தியோகத்தர் ஒருவர் வந்திருந்தார். உப்புக்குளத்து முஸ்லிம். புலிகள் வெளியேற்றியதில் பல வருடம் புத்தளத்தில் அகதியாக இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பி, கூரை போன வீட்டைத் திருத்திக்கொண்டிருந்தார். "எனக்கு இந்த ஊரில சொந்தமுமில்லை, பகையுமில்லை" என்று காலையிலேயே சொல்லிவிட்டு, விதிகளை எல்லாருக்கும் கேட்க வாசித்தார். சின்னத்துக்கு நேரே பெருக்கல் குறி மாதிரிப் புள்ளடி மட்டும்தான் போடலாம். போட்டவர் யாரென்று காட்டக்கூடிய எழுத்து எதுவும் இருந்தால் அந்தச் சீட்டுச் செல்லாது. எல்லாரும் தலையாட்டினோம்.

அண்ணா ஒரு வாக்கால் தோற்றார்.

மண்டபமே எழும்பி நின்றது. "திருப்பி எண்ணுங்கோ!" என்று எங்கள் ஆட்கள் கத்தினார்கள்.

"அது உங்கட உரிமை. எண்ணுவம்" என்றார் அவர். "கதவுகளைத் திறந்து விடுங்கோ. வெளியில நிக்கிற ஆக்களும் பாக்கட்டும்."

அவர் குரலில் சினமே இல்லை. ஒவ்வொரு சீட்டையும் விரித்து உயர்த்திக் காட்டினார். நாங்கள் இரண்டு பேரும் சின்னத்தைச் சொன்ன பிறகுதான் கீழே வைத்தார். கை உளைந்தபோது மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார். முடிவு மாறவில்லை.

அப்போது எங்கள் ஆட்கள் செல்லாதென்று ஒதுக்கிய ஒரு சீட்டையும் காட்டச் சொன்னார்கள். உத்தியோகத்தர் அதை மேசையில் எங்கள் இருவருக்கும் முன்னால் விரித்தார். அதில் அண்ணாவின் சின்னத்துக்கு நேரே தெளிவான புள்ளடி இருந்தது. பக்கத்தில், 'உன்னை நம்பித்தான் இருக்கிறம்' என்று எழுதியிருந்தது. அதைச் சேர்த்தால் இருவரும் சமன்.

எழுத்தைப் பார்த்த உடனேயே ஆளை எனக்குத் தெரிந்துவிட்டது. வள்ளங்களுக்குப் பெயர் எழுதுகிறவர். அந்த வால் நீண்ட எழுத்து ஊரில் பாதி வள்ளங்களில் உண்டு. எதிரில் இருந்தவளின் புருசனுடைய வள்ளத்திலும் அதே எழுத்துத்தான். அவளும் கண்டுகொண்டாள். எங்கள் முகங்களிலிருந்து உத்தியோகத்தர் ஏதோ விளங்கிக்கொண்டிருக்க வேண்டும். எழுத்தின் மேல் ஒரு மட்டையை வைத்து மறைத்து, புள்ளடியை மட்டும் சனத்துக்குக் காட்டினார்.

"ஏன் மறைக்கிறியள்? எழுதினது ஆரெண்டு கேட்டு வாக்கைச் சேருங்கோ!"

என்று கத்திக்கொண்டு எங்கள் பக்கத்தில் பலர் எழுந்தார்கள். அவர்களில் வள்ளத்துக்குப் பெயர் எழுதுகிறவரும் ஒருவர். "சேர், அதை எழுதினது..." என்று அவர் தொடங்கினார்.

உத்தியோகத்தர் மேசையில் ஓங்கி அடித்தார். அன்று அவர் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான்.

"எல்லாரும் இருங்கோ! ஆரும் ஒண்டும் சொல்லக்கூடாது. இண்டைக்கு ஒருத்தர் தன்ர வாக்கைச் சபையில சொன்னா, நாளைக்கு உங்கள் எல்லாரிட்டையும் கேட்டுக்கொண்டு வருவினம். ஆரார் வருவினம் எண்டு நான் சொல்லத் தேவையில்லை."

திறந்த கதவுக்கு அப்பால் றோட்டில் நேவிக்காரர் நின்றார்கள். உள்ளே இருந்தவர்களில் யாருடைய காது யாருக்கு வேலை செய்தது என்பதும் எங்களுக்குத் தெரியாது. ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். வள்ளத்துக்கு எழுதுகிறவரும் உட்கார்ந்தார்.

அண்ணா மட்டும் நின்றுகொண்டிருந்தார். அவர் முகம் கறுத்திருந்தது. சண்டை பிடிக்கப்போகிறார் என்றுதான் பயந்தேன்.

"காலமை சேர் விதியை வாசிக்கேக்க நானும் ஓம் எண்டனான்" என்றார். "அப்ப வெண்டவர்தான் தலைவர்."

நேரே போய்ப் பழைய கூட்டாளியின் கையைப் பிடித்தார்.

எங்கள் பக்கத்தில் சிலர் மாதக்கணக்காக அண்ணாவோடு முகங்கொடுத்துக் கதைக்கவில்லை. ஆனால் அவர்கள் பாசுக்குப் போனபோது, யாருக்குப் புள்ளடி போட்டாய் என்று புதிய தலைவர் ஒருவரிடமும் கேட்கவில்லை. கத்தியவர்களை அவருக்குத் தெரியும்; சீட்டில் யார் யாருக்குப் போட்டார்கள் என்று தெரிந்துகொள்ள வழி இருக்கவில்லை. அந்த எழுத்து யாருடையது என்று அவருடைய மனைவி வாய் திறக்கவேயில்லை. சந்தையில் என்னைக் கண்டால் மீன் விலை கதைப்பாள், பிள்ளைகளின் படிப்பைக் கதைப்பாள். அந்தச் சீட்டைப் பற்றி நாங்கள் ஒரு நாளும் கதைத்ததில்லை.