கதிரை இல்லாத கடை

மன்னியுங்கள், நான் இந்தக் குழுவில் அதிகம் எழுதுகிறவள் இல்லை.

கந்தளாய், கிண்ணியா, புல்மோட்டை என்று கிளை பரப்பிப் பிறகு ஒவ்வொன்றாய் மூடிப்போன அந்தப் பெரிய துணிக்கடை உங்களுக்கு நினைவிருக்கும். திருகோணமலைக் கிளையில் சேலை விற்றவர் என் அம்மா.

இன்று அதே கட்டடத்தில் திறந்திருக்கும் புதுக் கடைக்குப் போனேன். முதலாளி யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்:

"முந்தின கடையை விழுத்தினது வேலைக்கு நிண்ட பெட்டையள்தான். நாள் முழுக்கக் குந்தியிருந்து கதை."

"ஐயா, என்ர அம்மா அங்க வேலை செய்தவ. அவைக்கு ஒரு கதிரையும் போடேல்லை. எதில குந்தினவை?" என்று கேட்டேன்.

"பிள்ளை கம்பஸ் போனனீங்களோ?" என்று என் பல்கலைக்கழகப் படிப்பைக் கிண்டலடித்துச் சிரித்தார்.

"ஓம். அம்மா நிண்டதாலதான் போனனான்."

இந்தக் கடையிலும் கதிரை இல்லை. துணி மடித்த பெண் கால் மாற்றி மாற்றி நின்றாள்.

அங்கே போனால் நீங்களும் கேளுங்கள்: இவர்களுக்குக் கதிரை எங்கே?